எத்தனை கிலோ?

"எத்தனை கிலோ?"

போன திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நண்பர்களோடு பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான தோசைக் கடைக்குப் போனபோது என்னை வரவேற்ற கேள்வி இது. முந்தின நாள் நான் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனது அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும், வெயிலில் கறுத்துப்போன என் மூக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

"ரெண்டு ஆத்து இறால், ஒரு பாவுங் மீன்" என்றேன்.

"அவ்வளவுதானா? எத்தனை கிலோ வரும்?"

"நிறுத்துப் பாக்கல."

"ஏழு மணி நேரம் வெயில்ல காய்ஞ்சிட்டு நிறுத்துக்கூட பாக்கலையா? அப்ப எதுக்கு லா போன?"

சாம்பாரைத் தோசைமேல் ஊற்றிக்கொண்டே சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உண்மையிலேயே எதற்குப் போனேன்? அந்த நண்பருக்கான பதில்தான் இந்த வாரப் பத்தி. பதில் கொஞ்சம் நீளம். தோசை ஆறிவிடும் என்பதால் கடையில் சொல்லவில்லை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தவள்தான்.

ஒரு நண்பரின் பிறந்தநாளுக்காகக் கிள்ளான் பக்கம் ஒரு கட்டண மீன்பிடிக் குளத்துக்குப் போனோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட குளங்கள் ஏராளம். 'கோலாம் பான்சிங்' என்ற பலகையைச் செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும் தொழிற்பேட்டைகளின் பின்புறத்திலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரண நாளில் மணிக்கணக்குக் கட்டணம். போட்டி நாள் என்றால் வேறு கட்டணம், வேறு உலகம். கரையைச் சுற்றி எண் போட்ட இடங்கள் இருக்கும். சீட்டுக் குலுக்கி உங்கள் எண்ணைத் தருவார்கள். சைரன் ஒலித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூண்டிலை வீச வேண்டும். மீன் மாட்டினால் தூக்கிக்கொண்டு தராசுக்கு ஓட வேண்டும். எடையைப் பலகையில் எழுதுவார்கள். சைரன் மறுபடி ஒலிக்கும்போது யார் பெயர் மேலே இருக்கிறதோ அவருக்குப் பணம்.

அன்றைக்கு எனக்கு 4.5 கிலோவில் ஒரு பாத்தின் மாட்டியது. மூன்றாம் பரிசு, 200 வெள்ளி. அறிவிப்பாளர் என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, தினமும் ஒலிவாங்கி முன்னால் உட்காருகிற எனக்கே அது புதிதாக இருந்தது.

அப்புறம் என்ன, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் குளம்தான். புதுத் தூண்டில் கம்பு, புது ரீல், ஆளாளுக்கு ரகசியமாகப் பிசையும் இரை மாவு. ஐந்து மாதம் கழித்து ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செலவு 2,000 வெள்ளிக்கும் மேல். பரிசாக வந்தது 350 வெள்ளி. திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள், சூதில் கிடைக்கிற வெற்றியையே தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது மீன் யார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கணக்கைப் போட்ட இரவில் நன்றாகப் புரிந்தது. தூண்டிலைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவள் நான்தான். அந்த 200 வெள்ளியை விழுங்கியவளும் நான்தான்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அதைவிடப் பெரிய ஒன்றை அந்தக் குளக்கரையில் தொலைத்தேன்.

அப்பாவுக்கு வயது 69. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறோமே அங்கே, ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குத் தூண்டில் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அவரையும் ஒருநாள் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தன் பழைய கம்பையும் பால்மாவு டின்னில் மண்புழுவையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

சைரன் ஒலித்தது. அப்பா நிதானமாகப் புழுவைக் கோத்து, நிதானமாக வீசினார். காற்றில் அவருடைய நரம்பு பக்கத்து எண்காரரின் நரம்போடு சிக்கிக்கொண்டது. அந்த ஆள் கத்தினார். "அங்கிள், தெரியலன்னா வீட்டுல இருக்கணும்!" அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிக்கை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து என் தக்கை ஆடியது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்பா, அறுத்து விட்டுட்டு சும்மா உக்காருங்கப்பா, நேரம் போகுது!" என்றேன்.

கத்தியவர் யாரோ. நான் யாரோ இல்லையே.

அப்பா நரம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். எனக்கு அன்று ஐந்தாம் இடம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"எனக்கு மீன் புடிக்கத்தான் தெரியும்மா. ஜெயிக்கத் தெரியாது."

அதன் பிறகு ஏழு மாதம் அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. கூப்பிட்டால் முட்டி வலி என்பார். கம்பு சாமான் அறைக்குப் போய்விட்டது. நானும் குளத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் நிறுத்திவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கம்பு கையில் கிடைத்தது. பக்கத்திலேயே பால்மாவு டின். உள்ளே ஈயக் குண்டுகளும் துருப்பிடித்த நாலைந்து முள்ளும் இருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, ஆத்துக்குப் போலாமா?"

"எந்த ஆறு?"

"உங்க ஆறு."

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம நவமி. தண்ணி செத்துக் கெடக்கும். போலாம்."

"நவமியிலயா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். அஷ்டமி, நவமியில் அம்மா ஊறுகாய்கூடப் போடமாட்டார்.

இந்த இடத்தில் அப்பாவின் காலண்டர் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். சூரியனும் சந்திரனும் சேர்ந்து கடலை இழுப்பதால் அலையேற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். கழிமுகத்துக்குப் பக்கத்து ஆறுகளில் தண்ணீர் வேகமாக ஏறி வேகமாக வடியும். பாதி நிலா நாட்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இழுக்கும். ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு, நீரோட்டமும் மெதுவாகும். மலாய்க்காரர்கள் இதை 'ஆயர் மாத்தி', செத்த தண்ணீர் என்பார்கள். பாதி நிலா என்றால் நம் கணக்கில் அஷ்டமி, நவமி, தசமி. ஆற்று இறால் பிடிக்கிறவர்கள் காத்திருக்கும் நாட்கள் இவை. இரை அடித்துக்கொண்டு போகாமல் அடியிலேயே கிடக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்கிய நாட்களையெல்லாம் அப்பா ஐம்பது வருடமாக ஆற்றுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் காலண்டர் சண்டை வராததன் ரகசியம் அதுதான்.

அப்பாவின் ஆறு சிலாங்கூர் ஆறு. பிரேசர் மலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க நாம் படகேறுகிறோமே, அதே ஆறு. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு பாக்சிக்கிடம் சின்னப் படகு வாடகைக்கு எடுத்தோம். மழைக்காலம் என்பதால் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருந்தது. இரண்டு கரையிலும் நீப்பா ஓலைகள். பாக்சிக் எங்கள் இருவருக்கும் உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிட்டார்.

முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை.

வானொலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மௌனம் என்றால் எங்களுக்குப் பயம். ஒலிபரப்பில் சில விநாடி சத்தம் நின்றாலே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். அதனால் இடைவெளி எங்கே தெரிந்தாலும் பேசி நிரப்பிவிடுவோம். அன்றைக்குப் படகில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த மரம் என்ன, இந்தப் பறவை என்ன, பசிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா? அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாப்பா, கொஞ்சம் விளம்பரம் போடும்மா. நான் காது கொடுத்துக் கேக்கணும்."

"எதைப்பா கேக்கணும்?"

"நரம்பைத்தான்."

ஆள்காட்டி விரலை நரம்பின்மேல் லேசாக வைத்துக்கொண்டிருந்தார். ஆற்று இறால் மீனைப் போல வெடுக்கென்று கடித்து இழுக்காது. நீண்ட கொடுக்கால் இரையை மெல்லப் பிடித்து, தனக்குச் சௌகரியமான இடத்துக்கு நகர்த்திக்கொண்டு போய், அதன் பிறகுதான் வாயில் வைக்கும். அந்த நகர்வு விரலுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த உடனே தூக்கினால் கொடுக்கைத் திறந்து விட்டுவிடும். அது நகர்ந்து நின்று சாப்பிடும்வரை காத்திருந்து, அப்புறம் மெதுவாகத் தூக்க வேண்டும். குளத்தில் நான் கற்றுக்கொண்டது முழுக்க இதற்கு நேர்மாறு. சைரன், வீச்சு, வெட்டி இழு, ஓடு. அன்று மட்டும் நான்கு இறாலை அவசரத்தில் தவறவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாவது முறை என் விரலைப் பிடித்து நரம்பின்மேல் வைத்து, தன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் வாய்க்குள் எண்ணியது எனக்குக் கேட்டது. இருபதைத் தாண்டிய பிறகுதான் "இப்ப" என்றார்.

வந்தது. நீலக் கொடுக்கு நீண்ட ஒரு பெரிய ஆண் இறால். நான் கூவிய கூச்சலில் பாக்சிக் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்து அப்பா ஒன்றைத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் அப்பியிருந்தன. முள்ளைப் பதமாகக் கழற்றி, தண்ணீருக்குள் கையை விட்டு, அது தானாக நழுவிப் போகும்வரை காத்திருந்தார்.

"ஏன்ப்பா?" என்று கேட்டேன்.

"அது அடுத்த வருஷத்துக் குழம்பு. எங்கம்மா சொல்லிக் குடுத்தது."

பாட்டியா? எனக்குத் தெரிந்த பாட்டி, சுருக்குப் பையும் வெற்றிலையுமாகக் கிள்ளான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி. அவருக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம்?

அன்றுதான் முதல் முறையாக அந்தக் கதையைக் கேட்டேன். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பாட்டி, மதியம் வேலை முடிந்து வந்ததும் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ, தோட்டத்துக் கால்வாய்க்கோ போய்விடுவாராம். வீட்டில் ஆறு பிள்ளைகள். சம்பள நாளுக்கு முந்தின வாரத்தில் குழம்பில் எது கிடக்கும் என்பதைப் பாட்டியின் தூண்டில்தான் முடிவு செய்யும். விரால், கெலி, சில நாள் இறால். லயத்தில் மற்றப் பெண்களும் வருவார்கள். யாருக்கு அதிகம் கிடைத்தது என்ற பேச்சு வராதாம். கிடைத்தவர் கிடைக்காதவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புவார். நாளைக்கு அது திரும்பி வரும். அப்பாவுக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது பாட்டி. 'பொம்பளப் பிள்ளைக்கு ஆத்துல என்ன வேலை' என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டபோதெல்லாம் அப்பா ஏன் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வளர்ந்து கேட்காத கதையை, மீன் கடிக்காத மூன்று மணி நேரம் எனக்குக் கொடுத்தது. முதல் வீச்சிலேயே மீன் கடித்திருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

பாட்டியின் குழம்புக் கணக்கு உயிரியல்படியும் சரியானது. ஆற்று இறால் வாழ்வது நல்ல தண்ணீரில். ஆனால் அதன் குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். முட்டை சுமக்கும் தாய் கழிமுகத்தை நோக்கி இறங்கி வரும். முட்டைகள் ஆரஞ்சு நிறத்திலிருந்து மெல்லச் சாம்பல் நிறமாகி, அங்கே பொரியும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். நடுவில் தண்ணீர் கெட்டாலோ, பாதை அடைபட்டாலோ அந்த வட்டம் அறுந்துவிடும்.

போட்டிக் குளத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. குளத்தில் மீன் குறைந்தால் லாரியில் வந்து இறங்கும். ஆற்றுக்கு எந்த லாரியும் வராது. எடைப் பலகையில் பெயர் வர வேண்டும் என்றால் முட்டை இறாலும் எடைதான், குட்டி மீனும் எண்ணிக்கைதான். பலகை இல்லாதபோதுதான் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது.

போட்டியே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. குளத்தில் எனக்கு நல்ல நண்பர்களும் கிடைத்தார்கள். கூட்டமும் கலகலப்பும் சிலருக்கு வேண்டியிருக்கிறது. 1900-இல் பாரிஸில் ஒலிம்பிக் நடந்த சமயத்தில் செயின் நதியில் தூண்டில் போட்டியே நடத்திப் பார்த்தார்கள். அதிகாரப்பூர்வ ஒலிம்பிக் விளையாட்டாக அது நிலைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1653-இல், ஐசக் வால்டன் என்ற லண்டன்காரர் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்'. அப்போது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. உள்நாட்டுப் போரில் நாடே இரண்டுபட்டு, மன்னரின் தலை வெட்டப்பட்டு நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அவர் எழுதிய புத்தகத்தின் துணைத்தலைப்பு, தூண்டிலைச் சிந்திக்கிற மனிதனின் பொழுதுபோக்கு என்கிறது. 370 வருடம் கடந்தும் அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது.

எனக்கும் வேலையில் எண்கள்தான். எத்தனை பேர் கேட்டார்கள், பக்கத்து நிலையத்துக்கு எத்தனை, போன முறையைவிட ஏறியதா இறங்கியதா? இதைப் படிக்கிற உங்களுக்கும் அலுவலகத்தில் ஏதோ ஒரு பலகை இருக்கும். விற்பனை இலக்கு, மதிப்பீட்டுப் புள்ளி, மாலையில் ஓடினால் கைக்கடிகாரத்தில் எத்தனை அடி. வாரத்தில் ஆறு நாள் பலகையைப் பார்த்து ஓடிவிட்டு ஏழாவது நாளும் தராசைத் தேடிப் போனேனே, அதை நினைத்தால்தான் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆற்றங்கரையில் உட்காரப் பழகினால் இன்னொன்றும் நடக்கிறது. ஆற்றின்மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. 2020 செப்டம்பர் நினைவிருக்கிறதா? ரவாங் பக்கம் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நாம் ஓடினோம். எனக்கு அன்று அது குழாய்ப் பிரச்சினை. அப்பாவுக்கு அது அவருடைய ஆறு. "இறாலெல்லாம் என்னாச்சோ" என்று அவர் முனகியதை அன்று நான் காதில் வாங்கவே இல்லை.

நம் தலைநகரமே ஆற்றின் வழியாக வந்ததுதான். 1857-இல் 87 சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் இறங்கி, அம்பாங் நோக்கி நடந்தார்கள். இன்று மஸ்ஜிட் ஜாமேக் இருக்கும் இடம் அது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடும் அந்தக் கிள்ளான் ஆறு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரும்போது காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே போகிறது. கீழே கிள்ளானில், 2019-இல், ஆற்றுக் குப்பையை வாரி எடுக்கும் ஒரு மிதவை இயந்திரத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் அமைப்பின் உதவியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஆற்றில் நிறைய மாட்டுவது 'ஈக்கான் பண்டாராயா', அதாவது மாநகராட்சி மீன். தொட்டியின் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று நாமே வாங்கி வளர்த்து, பெரிதானதும் பாவம் பார்த்து ஆற்றில் விட்ட தென்னமெரிக்க மீன். அது இப்போது உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தொட்டி மீனைத் தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள்.

போக ஆசைப்படும் குடும்பங்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். விலை உயர்ந்த கம்பு தேவையில்லை. சாதாரணக் கம்பு, கொஞ்சம் ஈயம், மண்புழு போதும். படகு என்றால் உயிர்காப்பு உடுப்பு கட்டாயம். கழிமுகப் பகுதிகளில் முதலை இருக்கலாம் என்பதால், உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் காலை நனைக்காதீர்கள். மலையடிவார ஆறுகளில் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் திடீரென்று பாய்ந்து வரும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள். கோல குபு பாரு பக்கத்துச் சுங்கை சிலிங் மீன்களுக்கான காப்பிடம். அங்கே கெலா மீன்களைப் பார்த்து ரசிக்கலாம், தூண்டில் போடக்கூடாது. விஷம், மின்சாரம், வெடி வைத்து மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். நகரத்துக்குள் ஓடும் ஆற்றில் பிடித்ததைச் சமைக்காதீர்கள். கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு அப்பாவும் நானும் மாதம் ஒரு முறையாவது போய்விடுகிறோம். குளத்தில் அவரிடம் அப்படிப் பேசியதற்கு நான் இன்னும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டாவது முறை போனபோது ஆரம்பித்தேன். "அப்பா, அன்னிக்குக் குளத்துல..." என்று தொடங்கியதுமே, "உன் நரம்பைப் பாரு, நகருது" என்றார். பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. அவர் ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு திரும்பும்போது அண்ணன் மகன் கைப்பேசியில் அழைத்தான். பத்து வயது. எடுத்ததுமே, "அத்தை, எத்தனை கிலோ?" என்றான். என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"கிலோவெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாதுடா. வீட்டுல காலண்டர் இருக்கா? அடுத்த அஷ்டமி எப்பன்னு பாரு. உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடு."

அந்தப் பக்கம் பையன் காலண்டரைத் தேடி ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் சந்திப்போம்.